தரநிலை ஆவணங்களைப் புரிந்துகொள்ளப் பொருண்மை மாதிரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஎஸ்ஓ, ஐஇசி போன்ற சர்வதேசத் தரநிலை அமைப்புகள் வெளியிடும் பொறியியல் தரநிலைகளோடு தினமும் மல்லுக்கட்டுபவர்களுக்காக எழுதியது இது. கணினி அறிவியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு தரநிலையையாவது பாதியில் மூடி வைத்த அனுபவம் இருந்தால் போதும்.

தரநிலையைப் படிக்கும்போது ஏன் தலை சுற்றுகிறது?

வாக்கியங்கள் கடினம் என்றுதான் முதலில் தோன்றும். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் பெரும்பாலான வாக்கியங்கள் எளிமையாகவே இருக்கும். ஆனால் ஒரு விதி 7ஆம் பிரிவில் இருக்கும். அதில் வரும் சொல்லின் வரையறை 3ஆம் பிரிவில். அந்த விதி எப்போது பொருந்தாது என்பது ஏதோ ஒரு அட்டவணையின் அடிக்குறிப்பில். அட்டவணையை வாசிக்கும் முறை பின்னிணைப்பில். சோதிக்கும் முறை இன்னொரு தரநிலையில், அதையும் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஐந்தையும் ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்துக்கொண்டால்தான் அந்த ஒரு விதி புரியும்.

அனுபவம் உள்ள பொறியாளர் இந்த உறவுகளைத் தன் தலைக்குள் கட்டி வைத்திருப்பார். அவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் கூடவே போய்விடும்.

பொருண்மை மாதிரி என்றால் என்ன?

செமாண்டிக் மாடல் என்பதைத்தான் இங்கே பொருண்மை மாதிரி என்கிறோம். ஆவணம் எந்தெந்தப் பொருள்களைப் பற்றிப் பேசுகிறது, அவற்றுக்குள் என்ன உறவு, ஒன்றுக்கு எத்தனை மற்றொன்று இருக்கலாம், எந்த நிபந்தனையில் எது கட்டாயம் ஆகியவற்றை வாக்கியங்களிலிருந்து பிரித்து, மனிதரும் கணினியும் வாசிக்கும் வடிவில் எழுதி வைப்பது.

மென்பொருள், அமைப்புப் பொறியியலில் கட்டமைப்பை விவரிப்பதற்கான ஐஎஸ்ஓ/ஐஇசி/ஐஇஇஇ 42010 நல்ல உதாரணம். அதன் 2011 பதிப்பு தன் கருத்துகளைத் தானே படமாக வரைந்து காட்டுகிறது. பங்குதாரர்களுக்கு, அதாவது அமைப்போடு தொடர்புள்ள எல்லாருக்கும், அக்கறைகள் உண்டு. அந்த அக்கறைகளை எப்படி அணுகுவது என்பதைப் பார்வைக்கோணங்கள் வகுக்கின்றன. ஒவ்வொரு பார்வையும், அதாவது கட்டமைப்பை ஒரு கோணத்திலிருந்து காட்டும் ஒவ்வொரு சித்திரிப்பும், ஒரே ஒரு பார்வைக்கோணத்துக்குக் கட்டுப்பட்டது. கட்டமைப்பு வேறு, அதன் விவரணை வேறு என்பதும் படத்தில் இரண்டு தனிப் பெட்டிகளாக நிற்கிறது. பக்கக்கணக்கில் படித்தும் பிடிபடாதது அந்தப் பெட்டிகளையும் கோடுகளையும் பார்த்தால் பிடிபடும்.

எக்செல் அட்டவணையில் விதிகளை வரிசையாகப் போட்டால் போதாதா?

சரிபார்ப்புப் பட்டியலுக்குப் போதும். தணிக்கைக்கு முந்தைய நாள் நானும் அதைத்தான் திறப்பேன். 'இந்த விதி எதற்காக இருக்கிறது, இதை மாற்றினால் வேறு எது ஆடும்' என்று கேட்டால் அட்டவணையிடம் பதில் இருக்காது. வரிசை ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும், ஆனால் தரநிலையின் சிக்கல் வரிசைகளுக்கு இடையில்தான் இருக்கிறது.

ஒரு நிஜத் தரநிலையை வைத்துக் காட்ட முடியுமா?

வாகன மின்னணுப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262ஐ எடுத்துக்கொள்வோம். 2011இல் முதல் பதிப்பு வந்தது. 2018இல் வந்த இரண்டாம் பதிப்பில் 12 பாகங்கள். அதன் 3ஆம் பாகத்தில் ஒரு அட்டவணை: காயத்தின் தீவிரம் எஸ்1 முதல் எஸ்3 வரை, அந்தச் சூழல் அமையும் வாய்ப்பு இ1 முதல் இ4 வரை, ஆபத்தைக் கையாள முடிவது சி1 முதல் சி3 வரை (எண் கூடக் கூடக் கையாள்வது கடினம்). மூன்றும் சேரும் இடத்தில் ஏசில் என்னும் பாதுகாப்பு நிலை ஏ, பி, சி, டி என்று வரும் (டிதான் மிகக் கடுமையானது), அல்லது வழக்கமான தர மேலாண்மையே போதும் என்பதைக் குறிக்கும் க்யூஎம் வரும்.

மொத்தம் 36 கட்டங்கள். பலர் இதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருப்பார்கள். எண்களைக் கூட்டிப் பாருங்கள். 10 வந்தால் டி, 9 வந்தால் சி, 8 பி, 7 ஏ, அதற்குக் கீழே எல்லாம் க்யூஎம். 36இல் டி ஒரே ஒரு கட்டத்தில்தான் வருகிறது. சரிபாதி, அதாவது 18 கட்டங்கள், க்யூஎம். சுவரில் ஒட்டியிருந்ததை ஒரே வரிக்குள் அடக்கிவிட்டோம்.

கணக்கு முடிந்ததும் புரிந்துவிட்டது என்று தோன்றும். பொருண்மை மாதிரி வரைய உட்கார்ந்தால்தான் அடுத்த கேள்வி எழும்: இந்த எஸ், இ, சி எல்லாம் எதன் பண்புகள்? பெட்டிகளைப் போட்டுப் பார்ப்போம். வாகனம் தானாகவே முழு பிரேக் போட்டுவிடுவது ஒரு அபாயம். நெடுஞ்சாலையில் வேகமாகப் போய்க்கொண்டிருப்பது ஒரு இயக்கச் சூழல். இரண்டும் சேர்ந்தால் ஓர் அபாய நிகழ்வு. தீவிரமும் வாய்ப்பும் கையாளும் தன்மையும் அந்த நிகழ்வுக்குத்தான் மதிப்பிடப்படுகின்றன. அதே பிரேக் கோளாறு வண்டி நிறுத்துமிடத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது வந்தால் அது வேறு நிகழ்வு, அதன் மதிப்பும் வேறு. நிகழ்விலிருந்து பாதுகாப்பு இலக்கு பிறக்கிறது, ஏசில் நிலை அதற்கு ஒட்டிக்கொள்கிறது. பல நிகழ்வுகள் ஒரே இலக்கில் சேர்ந்தால் அவற்றில் உயர்ந்த நிலையை எடுக்க வேண்டும். இலக்கிலிருந்து தேவைகள், தேவைகள் ஒதுக்கப்படும் உறுப்புகள் என்று அந்த நிலை கீழே இறங்கிக்கொண்டே போகும்.

இப்போது 'இந்தச் சிப் ஏசில் டி' என்று யாராவது சொன்னால் உங்களுக்கு உறுத்தும். சிப்புக்குத் தானாக ஒரு நிலை கிடையாது. ஏதோ ஒரு வாகனத்தில், ஏதோ ஒரு இலக்கிலிருந்து இறங்கி வந்த தேவையை அது சுமக்கிறது, அல்லது சுமக்கும் என்று அனுமானித்து அதை உருவாக்கியிருக்கிறார்கள். அட்டவணையை எத்தனை முறை படித்தாலும் இது கண்ணில் படாது.

மாதிரி வரையும்போது எல்லாரும் வழுக்கி விழும் இடம் எது?

இரண்டு பொருள்களை ஒன்றாக நினைப்பது. ஆலை வரைபடத்தில் பி-101 என்று ஒரு பம்பு இருக்கிறது. அதன் தாங்கி (பேரிங்) தேய்ந்துபோனதால் கழற்றிவிட்டு, வேறு வரிசை எண் கொண்ட புதிய பம்பைப் பொருத்துகிறார்கள். பி-101 மாறியதா, இல்லையா? வரைபடத்தைக் கேட்டால் மாறவில்லை. பராமரிப்புப் பதிவைக் கேட்டால் மாறிவிட்டது. இரண்டும் சரிதான், ஏனென்றால் பி-101 என்பது ஓர் இடத்தின், அந்த இடத்தில் நடக்க வேண்டிய வேலையின் பெயர். வரிசை எண் உள்ளது இரும்பால் ஆன பொருள். 'பம்பு இவ்வளவு அழுத்தத்தைத் தாங்க வேண்டும்' என்ற விதி இரண்டில் எதைப் பற்றியது என்று ஆவணம் பெரும்பாலும் சொல்லாது.

செயல்முறை ஆலைகளின் ஆயுட்காலத் தரவுக்கான ஐஎஸ்ஓ 15926 இதை ஒரு வேடிக்கையான வழியில் தீர்க்கிறது. எல்லாப் பொருளும் காலத்திலும் நீண்டது என்று கொண்டு, பி-101 என்ற இடத்தில் இருந்த காலத்துண்டை அந்த இரும்புப் பம்பின் ஒரு பகுதியாகவே பார்க்கிறது. கருத்தாக அழகு. ஆனால் 2003இல் வந்த அதன் 2ஆம் பாகத்தில் 201 பொருள்வகைகள் இருக்கின்றன, அதை முதல்முறை படிப்பவர் அதைப் புரிந்துகொள்ள இன்னொரு மாதிரி தேடுவார். பொருண்மை மாதிரி என்றாலே புரியும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

ஒரே சொல் இரண்டு தரநிலைகளில் வேறு பொருள் தந்தால்?

தாராளமாக நடக்கும். இடர் என்பதை ஐஎஸ்ஓ 31000, குறிக்கோள்கள் மீது நிச்சயமின்மை ஏற்படுத்தும் விளைவு என்கிறது. அதில் நல்ல விளைவும் அடங்கும். பாதுகாப்புத் தரநிலைகளுக்கு வழிகாட்டும் ஐஎஸ்ஓ/ஐஇசி கைடு 51, தீங்கு நேரும் வாய்ப்பும் அதன் கடுமையும் சேர்ந்தது என்கிறது. இங்கே நல்ல இடர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே நிறுவனத்தில் மேலாண்மைக் குழு முதலாவதையும் பாதுகாப்புக் குழு இரண்டாவதையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரே கூட்டத்தில் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மாதிரியில் இவை இரண்டு தனிக் கருத்துகள். பெயர் மட்டும் ஒன்று. இரண்டையும் ஒன்றாக்க முயலாதீர்கள். இரண்டுக்கும் தனி அடையாளம் கொடுத்து, எந்தத் தரநிலையிலிருந்து வந்தது என்று குறித்துவிட்டு, உறவு ஏதாவது இருந்தால் அதை மட்டும் எழுதுங்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பழுது, பிழை, செயலிழப்பு என்பவற்றை அன்றாடப் பேச்சில் மாற்றி மாற்றிப் புழங்குகிறோம். தரநிலையில் இவை ஒரு சங்கிலி. பற்றவைப்பில் விழுந்த விரிசல் பழுது. அதனால் நினைவகத்தில் தவறான எண் உட்கார்ந்திருப்பது பிழை. அதனால் பிரேக் வேலை செய்யாமல் போவது செயலிழப்பு. அப்புறம், கீழ்மட்டத்தின் செயலிழப்பே மேல்மட்டத்துக்குப் பழுதாகிறது. வாக்கியமாகச் சொன்னால் குழப்பும் இந்தச் சுழற்சி, வரைந்தால் ஒரே ஓர் அம்பு.

'ஷல்', 'ஷுட்', 'மே' ஆகியவற்றை எப்படிக் கையாள்வது?

மிகக் கவனமாக. ஐஎஸ்ஓ, ஐஇசி அமைப்புகளின் ஆங்கில ஆவணங்களில் ஷல் என்றால் கட்டாயம், ஷுட் என்றால் பரிந்துரை, மே என்றால் அனுமதி, கேன் என்றால் இயலும் அல்லது நேரலாம். இணைய நெறிமுறைகளுக்கு 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம் இதேபோல் மஸ்ட், ஷுட், மே என்று வகுத்தது. ஆனால் ஐஎஸ்ஓவில் கட்டாயத்தைச் சொல்ல மஸ்ட் பயன்படுத்துவதில்லை, எனவே ஒன்றின் பழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

தமிழில் விளக்கம் எழுதுபவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு பொறி. 'செய்ய வேண்டும்' என்பது நம் காதுக்கு ஷல்லாகவும் ஒலிக்கும், ஷுட்டாகவும் ஒலிக்கும். 'செய்யலாம்' அதைவிட மோசம். அனுமதி, இயலும், நேரக்கூடும், வாருங்கள் சேர்ந்து செய்வோம் எல்லாமே அதற்குள் அடங்கும். ஆகவே மாதிரியில் ஒவ்வொரு விதிக்கும் கட்டாயம், பரிந்துரை, அனுமதி, இயல்வது என்ற நான்கில் ஒன்றைத் தனிப் பண்பாகவே பதியுங்கள். வாக்கியத்தின் வினைமுற்றை நம்பாதீர்கள்.

எந்த மொழியில் மாதிரி எழுதுவது? யூஎம்எல்லா, ஓடபிள்யூஎல்லா?

யாருக்காக என்பதைப் பொறுத்தது. மனிதர்கள் கூடிப் பேசத்தான் என்றால் யூஎம்எல் என்ற வரைபட மொழியின் வகுப்புப் படம் போதும். அமைப்புப் பொறியாளர்கள் தங்களுக்கான வரைபட மொழியான சிஸ்எம்எல்லை ஏற்கெனவே புழங்கினால் அதிலேயே செய்யுங்கள். பல தரநிலைகளை இணைத்துக் கணினியிடம் கேள்வி கேட்க வேண்டும் என்றால் கணினி வாசிக்கும் பொருண்மை மொழிகளான ஆர்டிஎஃப், ஓடபிள்யூஎல் பக்கம் போங்கள். ஓடபிள்யூஎல் 2004இல், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது, இரண்டாம் பதிப்பு 2009இல் வந்தது. ப்ரோட்டஜே என்ற இலவச மென்பொருளில் எழுதிப் பழகலாம். வெறும் சொற்களஞ்சியம்தான் தேவை என்றால் ஸ்கோஸ் என்ற எளிய வடிவம் போதும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

என்னைக் கேட்டால், முதல் வாரம் வெள்ளைப் பலகையும் பேனாவும்தான்.

ரீசனர் (மாதிரியிலிருந்து தர்க்கப்படி முடிவெடுக்கும் மென்பொருள்) முரண்பாடு இல்லை என்றது. ஆனால் பாதித் தரவைக் காணவில்லை. ஏன்?

ஓடபிள்யூஎல்லுக்குப் புதிதாக வரும் பொறியாளர் எல்லாருக்கும் ஏற்படும் அதிர்ச்சி இது. 'ஒவ்வொரு பாதுகாப்பு இலக்குக்கும் குறைந்தது ஒரு தேவை இருக்க வேண்டும்' என்று எழுதுகிறீர்கள். ஓர் இலக்குக்குத் தேவை எதுவும் பதியவில்லை. ரீசனர் முணுமுணுக்கக்கூட இல்லை. ஏனென்றால் அது திறந்த உலகத்தை நம்புகிறது: சொல்லப்படாதது இல்லாதது ஆகாது, எங்கோ ஒரு தேவை இருக்கிறது, நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரு பம்புக்கு ஒரே தயாரிப்பாளர் என்று எழுதிவிட்டு, தவறுதலாக இரண்டு தயாரிப்பாளர்களைப் பதிந்தால், அது தவறு என்று சொல்லாது. இருவரும் ஒருவரே என்று முடிவுகட்டும். பெயர் வேறு என்பதால் ஆள் வேறு என்று அது நினைப்பதில்லை.

தரநிலைக்கு இணங்குகிறோமா என்று பார்ப்பதற்கு நமக்கு வேண்டியது மூடிய உலகம்: பதியப்படாதது இல்லாதது. 2017இல் டபிள்யூ3சி பரிந்துரையான ஷாக்கிள் என்ற தரவுச் சோதனை மொழி அதற்காகவே இருக்கிறது. இருக்க வேண்டியது இல்லையென்றால் 'இல்லை' என்று சொல்லும். பொருளை விளக்க ஓடபிள்யூஎல், இணக்கத்தைச் சோதிக்க ஷாக்கிள் என்று பிரித்துக்கொண்டால் பல இரவுகள் தூங்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

முழு ஆவணத்தையும் மாதிரியாக்கப் புறப்படாதீர்கள். உங்கள் குழு திரும்பத் திரும்பக் கேட்கும் ஐந்தாறு கேள்விகளை எழுதுங்கள். 'இந்தச் சோதனையை யார் செய்யலாம்?', 'இந்த மதிப்பு மாறினால் எந்த ஆவணங்களைத் திருத்த வேண்டும்?' போன்றவை. அவற்றுக்குப் பதில் சொல்லத் தேவைப்படும் கருத்துகள் மட்டும் உள்ளே வரட்டும்.

பிறகு 3ஆம் பிரிவு. ஐஎஸ்ஓ ஆவணங்களில் சொற்களும் வரையறைகளும் அங்கேதான் இருக்கும், பெரும்பாலோர் தாண்டிப் போவதும் அதைத்தான். ஒரு வாக்கியத்தில் சொல்லை எடுத்துவிட்டு அதன் வரையறையை அப்படியே அந்த இடத்தில் வைத்தாலும் வாக்கியம் பொருள் தர வேண்டும் என்பது ஐஎஸ்ஓ வரையறைகளின் நெறி. அதைச் செய்து பாருங்கள். ஒரு வரையறைக்குள் இன்னொரு சொல், அதற்குள் இன்னொன்று என்று உறவுகள் தாமாகவே வெளியே வரும். சில சமயம் சுற்றிச் சுற்றி அதே சொல்லுக்கே வந்து நிற்பீர்கள். அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்.

அதன்பின் விதிகள். பெயர்ச்சொற்கள் பெட்டியாகும், வினைகள் கோடாகும், 'ஒவ்வொரு', 'குறைந்தது ஒன்று', 'தவிர' போன்ற சொற்கள் எண்ணிக்கையும் நிபந்தனையும் ஆகும். ஒவ்வொரு கோட்டிலும் அது எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்ற எண்ணை எழுதுங்கள். எண் இல்லாத கோடு உங்கள் கற்பனை.

தரநிலையே தெளிவில்லாமல் இருந்தால்?

மாதிரி செய்வதன் உண்மையான பலனே இங்கேதான் கிடைக்கிறது என்பது என் எண்ணம். உரைநடை மழுப்ப அனுமதிக்கும். 'தகுந்த ஆய்வுகள் மேற்கொள்ளப்பட வேண்டும்' என்று எழுதிவிட்டு ஆவணம் அடுத்த பத்திக்குப் போய்விடும். பெட்டி வரைபவர் அப்படிப் போக முடியாது. யார் மேற்கொள்வது? எதன் மீது? ஒரு முறையா, ஒவ்வொரு மாற்றத்துக்குமா? தகுந்தது என்று தீர்மானிப்பவர் யார்? கோட்டின் இரண்டு முனைகளையும் எங்காவது கட்டியே ஆக வேண்டும்.

பதில் ஆவணத்தில் இல்லையென்றால் மூன்று வழிகள். தரநிலைக் குழுவிடம் விளக்கம் கேட்பது, அதற்குப் பொறுமை வேண்டும். உங்கள் நிறுவனத்தின் முடிவாக ஒன்றை எடுத்து, தரநிலை சொன்னதிலிருந்து வேறு நிறத்தில் வரைவது. அல்லது அந்த முனையைக் கேள்விக்குறியோடு திறந்தே விடுவது. எதைச் செய்தாலும், உங்கள் முடிவு தரநிலையின் குரலில் பேசிவிடக் கூடாது. ஐந்து ஆண்டுகள் கழித்து வருபவர் அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்வார்.

எண்களோடு அலகையும் மாதிரியில் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம். 1999இல் செவ்வாயை நெருங்கிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்த கதை தெரிந்ததுதான். ஒரு மென்பொருள் உந்துவிசைத் தாக்கத்தைப் பவுண்டு-விசை நொடியில் கொடுத்தது, அதைப் பெற்றுக்கொண்டது நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வித்தியாசம். அந்தக் கதையில் பலர் கவனிக்காத விவரம், இடைமுக ஆவணம் நியூட்டன்-நொடி என்று தெளிவாகவே சொல்லியிருந்தது என்பது. ஆவணம் புரியாதது அங்கே காரணமில்லை. சொன்னதைத் தரவோடு ஒட்டிச் சோதிக்க ஆள் இல்லை. மதிப்பு, அலகு, எந்த நிலையில் அளந்தது என்ற மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அந்தச் சோதனையைக் கணினியே செய்யும்.

தரநிலை அமைப்புகளே மாதிரியாக வெளியிட்டால் என்ன?

கொஞ்சம் நடக்கிறது. தயாரிப்புத் தரவுப் பரிமாற்றத்துக்கான ஸ்டெப், அதாவது ஐஎஸ்ஓ 10303, 1994இல் வெளிவரத் தொடங்கியபோதே எக்ஸ்பிரஸ் என்ற மாதிரி மொழியோடுதான் வந்தது. ஐஎஸ்ஓவும் ஐஇசியும் இப்போது ஸ்மார்ட் என்ற திட்டத்தில் காகிதத்திலிருந்து பிடிஎஃப், கட்டமைந்த எக்ஸ்எம்எல் என்று படிப்படியாக ஏறி, இயந்திரமே பொருள்கொள்ளும் தரநிலை வரை போகத் திட்டமிட்டிருக்கின்றன. நம்மில் பலர் வாங்குவது இன்னும் பிடிஎஃப்தான்.

பிடிஎஃப்பைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துக் கேட்டால் வேலை முடிந்துவிடாதா?

முதல் வரைவுக்கு உதவும். விதிகளைப் பொறுக்கி எடுப்பது, சொற்களைப் பட்டியலிடுவது போன்ற சலிப்பான வேலைகளைக் கொடுங்கள். மொழி மாதிரி, அதாவது அந்தச் செயற்கை நுண்ணறிவு, சறுக்குவது அடிக்குறிப்பில் உள்ள விலக்கு, பக்கங்கள் தாண்டிய குறுக்குக் குறிப்பு, ஷுட்டை ஷல்லாக மாற்றிவிடுவது ஆகிய இடங்களில். அதாவது நாமும் சறுக்கும் அதே இடங்களில். ஆனால் அது தயக்கமே இல்லாமல் சொல்லும். முன்பே சொன்ன பிரிவு எண் விதி இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்: அது தரும் ஒவ்வொரு உறவுக்கும் பிரிவு எண் கேளுங்கள், அந்தப் பிரிவைத் திறந்து நீங்களே பாருங்கள்.

புதிய பதிப்பு வந்தால் எல்லாம் வீணா?

வீணாகாது. பிரிவு எண்ணும் பதிப்பு ஆண்டும் குறித்திருந்தால் எது மாறியது, எது பாதிக்கப்படும் என்று ஒரு பிற்பகலில் பார்த்துவிடலாம். குறிக்கவில்லையென்றால் முதலிலிருந்துதான்.

தரநிலை வாசகத்தை அப்படியே மாதிரிக்குள் போடலாமா?

தரநிலைகள் பதிப்புரிமை உள்ளவை. நிறுவனத்துக்குள் வைத்துக்கொள்வதற்கும்கூட, வாங்கிய உரிமத்தின் நிபந்தனைகளைப் பாருங்கள். வெளியில் பகிர்வதென்றால் வெளியீட்டாளரிடம் அனுமதி கேளுங்கள். பிரிவு எண்ணும் உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு வரிச் சுருக்கமும் வைத்தாலே பெரும்பாலான வேலைகள் நடக்கும்.

மாதிரி இருந்தால் ஆவணத்தைப் படிக்கத் தேவையில்லையே?

படித்தே ஆக வேண்டும். தணிக்கையாளரும் நீதிமன்றமும் பார்ப்பது ஆவணத்தை.

எப்போது இதையெல்லாம் செய்யவே வேண்டாம்?

தரநிலை இருபது பக்கம், உங்கள் குழுவில் நான்கு பேர், ஒரே ஒரு தயாரிப்பு என்றால் வேண்டாம். மதியம் உட்கார்ந்து சேர்ந்து படித்துவிடுங்கள். மாதிரியைப் பராமரிக்க ஆள் ஒதுக்க முடியாது என்றாலும் வேண்டாம். பழைய பதிப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும் அழகான படம், படமே இல்லாததைவிட ஆபத்து. அதை யாரும் சந்தேகப்படுவதில்லை.